உறுதியா என்று கேட்டது

போன் அவனுடையது.
கஸ்தூரியார் வீதிக் கடையில் பன்னிரண்டு தவணை,
இன்னும் மூன்று மிச்சம்.
அதற்குள் ஓர் அறை மட்டும் எங்களுடையது
என்று படிவத்தில் எழுதியிருந்தோம்,
நாலாம் பக்கத்தில், பொடி எழுத்தில்.
யதுகுலன் என் பேனையை வாங்கி ஒப்பமிட்டான்.
வாசிக்கவில்லை.
நானும் வாசியென்று சொல்லவில்லை.

அவனுடையது பழைய மொடல். அறை பிரியாது.
அழித்தால் முழு வீடும் போகும்.
அதைச் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று ஐம்பதுக்கு
ஒஃபிஸ் லைனில் வந்தான்:
"மிஸ், எழுநூற்றைம்பதில போனை விட்டிட்டு
நீர்வேலியில இறங்கிப்போட்டன்."
விதி, ஒரு மணித்தியாலம்.
"முக்கியமா ஏதும் இருக்கோ?"
"ஒண்டும் இல்லை மிஸ்."

திரையில் நீலப் புள்ளி.
அவன் நீர்வேலியில் நிற்க
அவனுடைய போன் புத்தூர் தாண்டிப் போகிறது,
சீட்டுக்கடியிலோ, யாருடைய பைக்குள்ளோ.

இதற்குமுன் அந்தப் புள்ளியைப் பார்த்ததில்லை என்று
சத்தியம் பண்ணமாட்டேன்.
போன மாதம் அவன் காய்ச்சல் என்ற நாளில்
அது கீரிமலையில் நின்றது,
விடியப்புறம் தொடங்கி மத்தியானம் வரை.
ஒருவருக்கும் சொல்லவில்லை.
அதை என் நல்ல குணம் என்று எண்ணியிருந்தேன்.

நான் பிறந்த வருசம்
இந்த ஊருக்குள் டோர்ச் பற்றரி வரத் தடை.
அந்தப் பட்டியலையும் எவரோ ஒருவர்
பிழையில்லாமல் தட்டச்சு செய்திருப்பார்.
மத்தியானம் சோறும் சாப்பிட்டிருப்பார்.

அந்த போனில் நாற்பத்தொரு பெண்கள்.
அடையாள அட்டையின் இரண்டு பக்கம்,
வாசலில் நின்றபடி ஒரு படம்,
கட்டின காசு, கட்டாத காசு.
அல்வாய் கலாமதி புருசனுக்குத் தெரியாமல் எடுத்தவள்.
தையல் மெசின் தமக்கையின் இரவல் என்று
வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள்.
எங்கள் கணக்கில் அவள் ஓர் எண்.
எவனாவது திறந்தால் பெயர்.

நாலு இருபதுக்கு மறுபடி, கடையொன்றின் போனிலிருந்து.
"மிஸ், ஒண்டு இருக்குது."
என்னவென்று சொல்லவில்லை.
பின்னால் யாரோ தேங்காய்க்கு விலை பேசுகிறார்கள்.
"மனேஜரிட்டைக் கேட்டுப் பாருங்கோ.
ஒரு நாள் பொறுக்கேலாதோ?"

மனேஜர் கொழும்பைக் கேட்டார்.
கொழும்பு நாலாம் பக்கத்தை
மின்னஞ்சலில் திருப்பி அனுப்பியது.

வல்லை வெளியில் புள்ளி நின்றது.
அங்கே வீடில்லை, கடையில்லை,
காற்றும் உப்புத் தண்ணியும்தான்.
பஸ் பழுதாகியிருக்கலாம்.
எவனோ எறிந்திருக்கலாம்.
என் போனை எடுத்து அவன் எண்ணுக்கு அடித்தேன்.
(என்னுடையதும் ஒரு புள்ளிதான்,
கொழும்பில் எவரோ ஒருவரின் திரையில்.)
மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை.
பிறகு புள்ளி நெல்லியடிப் பக்கம் நகர்ந்தது,
ஒன்றும் நடக்காததுபோல.

நாலு நாற்பத்தொன்பது.
உறுதியா என்று கேட்டது திரை.
ஒரு யந்திரம் கேட்கக்கூடிய கேள்விதான்,
ஆனால் அன்று
அதை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அது.

கலாமதியை நினைத்தே அழுத்தினேன் என்று
பிறகு எல்லோரிடமும் சொன்னேன்.
நினைத்தது கடிகாரத்தை.

கண்டக்டர் நல்ல மனிசன்,
பருத்தித்துறை டிப்போவில் கொடுத்துவிட்டிருந்தார்.
திங்கட்கிழமை யதுகுலன்
என் மேசையில் கொண்டுவந்து வைத்தான்.
மூலையில் கீறல் அப்படியே.
கவருக்குள் மடித்த இருபது ரூபாய்த் தாள் அப்படியே.
திறந்தான்.
மொழியைத் தெரிவு செய்யச் சொன்னது.
அந்தப் பட்டியலைக் கனநேரம் பார்த்தான்.
தமிழைத் தொட்டான்.

என்ன இருந்தது என்று கேட்க வாய்வரை வந்தது.
"எங்கட அப்பைத் திரும்ப ஏத்த வேணும்" என்றேன்.
"ஓம் மிஸ்."
படிவத்தை இழுத்து வைத்து
இந்தமுறை வாசித்தான்,
விரலை வரிவரியாக நகர்த்தி, நாலாம் பக்கமும்.
வாசித்து முடித்து
என்னிடமே பேனை கேட்டான்.

அது எழுதவில்லை.
லாச்சியைத் திறந்து வேறொன்று தேடத் தொடங்கினேன்,
கிடைக்கக்கூடாது என்று
கொஞ்சம் மெதுவாக.